பியானோவின் காலடி ஓசை

இசைக் கருவி எதுவாயினும் அதனிடத்தே இருவகை ஒலிகள் பிறக்கின்றன. ஒன்று, கலைஞர் எழுப்ப விரும்பும் இசை. மற்றொன்று, அவ்விசையைப் பிறப்பிக்கும் முயற்சியில் கருவி தானாகவே எழுப்பும் ஓசை. வீணைத் தந்தியின்மேல் விரல் வழுக்கும்போது எழும் கீச்சொலியும், ஆர்மோனியத்தின் துருத்தி விடும் பெருமூச்சும் இவ்விரண்டாம் வகையைச் சேர்ந்தவை. கச்சேரியில் அமர்ந்து கேட்கும்போது நம் செவி இவற்றைப் பொருட்படுத்துவதில்லை. பழகிய ஓசைகளை ஒதுக்கிவிட்டு வேண்டியதை மட்டும் வாங்கிக்கொள்ள மனம் கற்றிருக்கிறது. ஒலிவாங்கிக்கு அந்தக் கல்வி இல்லை. அதன்முன் எழுந்த அனைத்தும் பதிவில் ஏறிவிடும்.

பியானோவுக்கும் இத்தகைய ஓசை ஒன்று உண்டு. வலக்காலால் மிதியை அழுத்தும்போது 'ஸ்ஸ்' என்றும், விடும்போது 'தொம்' என்றும் அது எழும். கருவி பழையதாயின் இவற்றோடு ஒரு கிறீச்சொலியும் சேர்ந்துகொள்ளும். ஒலிப்பதிவின்போது இவ்வோசையைக் குறைப்பது எவ்வாறு என்பதே இக்கட்டுரையின் பொருள். 'ஒரு மரப்பெட்டியின் கால்மிதி ஓசைக்கு இத்தனை பக்கங்களா?' என்று அன்பர்கள் வியக்கலாம். சென்ற ஆடி மாதம் வரையில் நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம்.

மட்டாஞ்சேரியும் ஒலிப்பதிவும்

நாம் குடியேறி வாழும் இம்மட்டாஞ்சேரி, மிளகுக்கும் சுக்குக்கும் மட்டும் பெயர் பெற்ற ஊர் அன்று. கொங்கணியும் குஜராத்தியும் தமிழும் மலையாளமும் உருதும் ஒரே தெருவில் புழங்கும் இவ்வூரில், பகலெல்லாம் மூட்டை ஏற்றும் வண்டிகளின் ஓசை. இரவானால் மாடிகளில் ஆர்மோனியமும் தபலாவும். 'ஜீவித நௌகா' (1951) என்னும் படத்தில் பின்னணி பாடத் தொடங்கிப் பெயர் பெற்ற மெஹ்பூப், இக்கொச்சிக் கரையின் மாடிக் கூட்டங்களில் பாடி வளர்ந்தவர். 1981-ஆம் ஆண்டில் அவர் மறைந்த பின்னரும் அவர் பாடல்கள் இங்கே ஓயவில்லை. அடுத்துள்ள கோட்டைக் கொச்சியில் 1940-ஆம் ஆண்டு பிறந்தவர் யேசுதாஸ். அவர்தம் முதல் திரைப் பதிவு 1961-ஆம் ஆண்டு நவம்பர் 14-ஆம் நாள் சென்னை பரணி ஸ்டூடியோவில் நடைபெற்றது. 'கால்பாடுகள்' என்ற மலையாளப் படத்துக்கு எம். பி. சீனிவாசன் இசையமைக்க, ஸ்ரீ நாராயண குருவின் வரிகளை அவர் பாடினார். படம் 1962-இல் வெளிவந்தது.

மலையாளப் பாடலைப் பதிவு செய்யக் கொச்சியிலிருந்து சென்னைக்கு இரயில் ஏறவேண்டியிருந்த காலம் அது. பாடகரும் வாத்தியக்காரர் அனைவரும் ஒரே கூடத்தில் ஒருசேர இசைக்க, பாடல் முழுவதும் ஒரே மூச்சில் பதிவாகும். நடுவில் ஒருவர் இருமினாலும், ஒரு நாற்காலி கிறீச்சிட்டாலும் தொடக்கத்திலிருந்து மறுபடியும் பாடவேண்டும். ஆகவே ஓசையை அதன் பிறப்பிடத்திலேயே அடக்குவது அக்காலத்தவர்க்கு இரண்டாம் இயல்பாக இருந்தது.

பிற்காலத்தில் வெட்டவும் ஒட்டவும் துடைக்கவும் வழி பிறந்தது. இன்று வீட்டுக் கூடமே ஸ்டூடியோ ஆகிவிட்டது. ஆயினும் அந்த ஒரே மூச்சுப் பதிவு, வேறொரு வாயிலாக நம் இல்லங்களுக்குள் திரும்பி வந்திருக்கிறது. இலண்டன் டிரினிட்டி கல்லூரி முதலிய தேர்வுக் கழகங்கள் 2020 முதல், மாணவர் தாம் வாசிப்பதைப் படமெடுத்து அனுப்பும் முறைத் தேர்வுகளை நடத்தி வருகின்றன. அத்தேர்வில் பாடங்கள் அனைத்தையும் இடைவெட்டின்றித் தொடர்ச்சியாகப் பதிவு செய்தல் வேண்டும். பின்னர் திருத்துவது கூடாது. நம் பிள்ளைகள் பலர் இவ்வகையில் தேர்வு எழுதுகின்றனர். எனவே இது திரைத் துறையாருக்கு மட்டும் உரிய செய்தி என்று ஒதுக்குவதற்கில்லை.

ஓர் ஆசிரியையின் விருப்பம்

நமக்கு இப்பாடம் புகட்டியவர் நம்மிடையே நெடுங்காலம் வாழ்ந்த ஓர் ஆசிரியை. நாகர்கோயிலில் பிறந்து, மணமாகி மட்டாஞ்சேரிக்கு வந்தவர். கணவர் மலைச்சரக்கு வணிக நிலையம் ஒன்றில் கணக்கராக இருந்தார். அம்மையார் நாற்பத்தாறு ஆண்டுகள் இங்குள்ள தமிழ்ப் பிள்ளைகளுக்கும் பிற பிள்ளைகளுக்கும் பியானோ கற்பித்தார். ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு குடும்பத்தாரிடமிருந்து விலைக்கு வாங்கிய அந்த அப்ரைட் பியானோ, அதாவது சுவரோரம் நிமிர்ந்து நிற்கும் வகைப் பியானோ, அவர் கூடத்தில் இருந்தது. அவரிடம் பயின்றவர்கள் இன்று துபாயிலும் சிங்கப்பூரிலும் டொராண்டோவிலும் இருக்கின்றனர்.

எழுபத்தொன்பது வயதான அவரைக் கனடாவிலுள்ள மகன் தம்மிடம் அழைத்துக்கொள்ள முடிவு செய்தார். மாசி மாதம் பயணம். பியானோ உடன் செல்ல இயலாது. விரல் மூட்டுகளில் வலி ஏறிவருவதால் இன்னும் எத்தனை நாள் வாசிக்க முடியும் என்பதும் தெரியாது. ஆதலால் தாம் வாசித்துவந்த ஏழு உருப்படிகளை அதே பியானோவில் பதிவு செய்து மாணாக்கர்க்கு அனுப்பவேண்டும் என்று அவர் விரும்பினார். அவற்றுள் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) இயற்றிய கீர்த்தனை ஒன்றும் உண்டு. அதன் மெட்டுக்கு மேனாட்டு முறையில் இடக்கைச் சுரக்கூட்டுகளை அவரே அமைத்திருந்தார். அவை தாளில் எழுதப்பெறவில்லை. அவர் கைகளிலேயே இருந்தன.

சங்க அன்பர் நால்வர் ஒலிவாங்கியும் கணினியுமாக ஆடி மாதத்து மழை நாளொன்றில் சென்றோம். இரண்டு மணி நேரம் வாசித்தார். அன்றிரவு கேட்டபோது நம் முகங்கள் வாடின. மெதுவான பகுதிகளிலெல்லாம் இசைக்கு முன்னால் 'தொம்' என்னும் ஓசை நின்றது. மாடியில் யாரோ கட்டையை ஊன்றி நடப்பதுபோல் இருந்தது. மறுநாள் அம்மையாரும் கேட்டார். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர், "இத்தனை ஆண்டும் இப்படித்தான் வாசித்தேனா? பிள்ளைகளும் இதைத்தான் கேட்டார்களா?" என்றார். மேலும் பேச விரும்பாமல் மூடியைச் சாத்திவிட்டார். மின்விசைப் பலகையில் வாசித்துப் பதிவு செய்யலாமே என்று அவர் பேரன் தொலைபேசியில் சொன்னான். அதற்கு அவர் இசையவில்லை.

அது அவர் காலின் குற்றமா, கருவியின் குற்றமா, நம் பதிவின் குற்றமா? அதை அறியும் முன், அவ்வோசை எங்கே பிறக்கிறது என்பதை நோக்குவோம்.

டாம்பர் என்னும் உறுப்பு

இத்தாலி நாட்டுக் கிறிஸ்டோஃபோரி 1700-ஆம் ஆண்டையொட்டிப் பியானோவை அமைத்தார். கட்டையை அழுத்தினால் சுத்தியல் ஒன்று எழுந்து கம்பியைத் தட்டும். இது யாவரும் அறிந்தது. ஆனால் தட்டப்பட்ட கம்பி தானே ஓயும் வரையில் ஒலித்துக்கொண்டிருந்தால் அடுத்த சுரம் அதன்மேல் ஏறி, எல்லாம் கலங்கிவிடும். ஆகவே ஒவ்வொரு சுரத்தின் கம்பிகளின்மீதும் ஒரு டாம்பர் அமர்ந்திருக்கும். டாம்பர் என்பது ஃபெல்ட் எனப்படும் அழுத்திய கம்பளித் திண்டு ஒட்டிய சிறு மரத்துண்டு. கட்டையை அழுத்தினால் அது விலகும். விரலை எடுத்தால் திரும்ப அமர்ந்து ஒலியை அடக்கும். மொத்தம் 88 கட்டைகள் உள்ள பியானோவில், மேற்கோடியிலுள்ள இருபது சுரங்களுக்கு அண்மையில் டாம்பர் இராது. அங்குள்ள குறுங்கம்பிகள் விரைவில் தாமே ஓய்ந்துவிடுமாதலால் அவற்றுக்கு அது வேண்டுவதில்லை.

வலக்கால் மிதியின் பணி, டாம்பர்கள் அனைத்தையும் ஒருசேர விலக்குவது. கிராண்ட் பியானோவில் டாம்பர்கள் கம்பிகளுக்கு மேலே தம் எடையாலேயே அமர்ந்திருக்கும். அப்ரைட் பியானோவிலோ கம்பிகள் செங்குத்தாக நிற்பதால், சிறு வில்கள் டாம்பர்களை அவற்றின்மேல் அழுத்திப் பிடிக்கும். மிதியை அழுத்தினால் அடியிலுள்ள ஒரு மரநெம்புகோல் அசையும். அது செங்குத்தான ஒரு கோலை மேலே தள்ளும். அக்கோல் உள்ளே குறுக்காக ஓடும் இரும்புத் தண்டைத் திருப்பும். தண்டு டாம்பர்களின் கால்களைத் தள்ளும். இத்தனை மூட்டுகள், இத்தனை உராய்வுகள். கம்பிகளோ இருநூறுக்கும் மேற்பட்டவை. அவற்றின் மொத்த இழுவிசை இன்றைய பியானோக்களில் 18 முதல் 20 டன் வரை இருக்கும். அவற்றைத் தாங்கும் சட்டத்தோடு ஒலிப்பலகையும் பிணைந்திருப்பதால், அடியில் எழும் சிறு தட்டலும் பெரிதாகிக் கேட்கும்.

நான்கு வகை ஓசை

டாம்பர் ஓசை என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் நான்கு வகை உண்டு. இவற்றைப் பிரித்தறியாமல் மருந்து தேடுவது வீண்.

முதலாவது, டாம்பர்கள் எழும்போது பிறக்கும் 'ஸ்ஸ்' ஒலி. எல்லாக் கம்பிகளும் ஒரே நேரத்தில் விடுபடுவதால் காற்று வீசினாற்போன்ற ஒரு முழக்கம் எழும். ஓரளவு இது பியானோவின் இயல்பு. டாம்பர்கள் ஒருசேர எழாமல் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தாலும், ஃபெல்ட் கடினமாகிக் கம்பியைப் பிறாண்டினாலும் அது மிகும்.

இரண்டாவது, டாம்பர்கள் திரும்ப அமரும்போது பிறக்கும் 'சிய்ங்' என்னும் ரீங்காரம். அதிர்ந்துகொண்டிருக்கும் கம்பியைக் கடினமான ஃபெல்ட் தொட்டும் தொடாமலும் நிற்கும் கணத்தில் இது எழும். பல்லாண்டுகள் அழுந்திய ஃபெல்ட்டில் கம்பியின் தடம் பள்ளமாக விழுந்திருக்கும். அப்பள்ளத்தின் ஓரங்களே இவ்வொலிக்குக் காரணம்.

மூன்றாவது, 'தொம்' என்னும் இடி. மிதி கீழே முட்டுவதாலோ, விட்டவுடன் மேலே மோதுவதாலோ, இரும்புத் தண்டுக்கும் டாம்பர்க் கால்களுக்கும் இடையிலுள்ள கம்பளி தேய்ந்துபோனதாலோ இது பிறக்கும்.

நான்காவது, கிறீச்சொலி. நெம்புகோலின் அச்சிலும், வில் உரசும் இடத்திலும், கோலின் முனைகளிலும் இது தோன்றும்.

வல்லுநரின் வருகை

ஐப்பசியில், பெங்களூரிலிருந்து வேறொரு பணியாக எர்ணாகுளம் வந்திருந்த சுருதி வல்லுநர் ஒருவரை அன்பர் ஒருவர் அழைத்துவந்தார். அறுபதைக் கடந்தவர், பிறப்பால் தமிழர். அம்மையார் அவரைத் "தம்பி" என்றே அழைத்தார். அவர் வந்தவுடன் கருவிகளை எடுக்கவில்லை. "அம்மா, ஒரு தடவை வாசியுங்கள்" என்று சொல்லி, தரையில் அமர்ந்து அவர் காலைக் கவனித்தார். வாசித்து முடித்ததும், "உங்கள் காலில் குறையில்லை, அம்மா. பெட்டிதான் நோயாக இருக்கிறது" என்றார். அம்மையாரின் முகம் தெளிந்ததை நாம் அனைவரும் கண்டோம்.

பியானோவின் அடிப்பலகையை ஒரு வில்கொக்கி பிடித்திருக்கும். அதை மேலே தள்ளினால் பலகை கழன்று வரும். வல்லுநர் அதைக் கழற்றிவிட்டு, மிதியைக் கையால் மெல்ல அழுத்தும்படி நமக்குப் பணித்தார். ஒரு மரக்கோலின் ஒரு முனையைத் தம் காதோடும் மறுமுனையை ஒவ்வொரு மூட்டோடும் சேர்த்துக் கேட்டார். மருத்துவர் மார்பில் குழல் வைத்துக் கேட்பது போன்றதே இம்முறை. எந்த மூட்டில் ஓசை உரக்கக் கேட்கிறதோ அங்கேதான் நோய்.

முதலில் அகப்பட்டது தேங்காயெண்ணெய். எப்போதோ, யாரோ, கிறீச்சொலியை நிறுத்த எண்ணி ஊற்றியிருக்கிறார்கள். சில நாள் நின்றிருக்கும். பிறகு எண்ணெயில் தூசி படிந்து தார்போல் இறுகிவிட்டது, மரத்திலும் ஊறியிருந்தது. பியானோவுக்குள் எண்ணெய் எதுவும் கூடாது என்பதை வல்லுநர் மும்முறை சொன்னார். அவர் அதைத் துடைத்தெடுத்து, வில் உரசும் இடத்தில் மட்டும் கடுகளவு கிரீஸ் தடவினார். மரமும் மரமும் உரசும் இடங்களில் பென்சிலுக்குள் இருக்கும் கிராஃபைட்டின் தூளைத் தேய்த்தார். கிறீச்சொலி அன்றோடு ஒழிந்தது.

அடுத்து, செங்குத்துக் கோலின் முனையில் இருக்கவேண்டிய தோல்துண்டு தேய்ந்து மறைந்திருந்தது. மரம் மரத்தையே இடித்துக்கொண்டிருந்தது. புதுத் தோல் ஒட்டினார். மிதி அசையத் தொடங்கியபின் டாம்பர்கள் அசையத் தொடங்கும்வரை ஒரு விரற்கடைக்கும் மிகுதியான வீண் அசைவு இருந்தது. அவ்வெற்றிடத்தைக் கடந்து வந்து முட்டுவதனாலேயே இடியோசை வலுத்தது. அதற்கென உள்ள திருகைத் திருப்பி, சில மில்லிமீட்டர் அளவுக்கு அதைக் குறைத்தார். அறவே இல்லாமற் செய்வதும் தவறு. அவ்வாறு செய்தால் டாம்பர்கள் முழுதும் அமராமல் சுரங்கள் கசியத் தொடங்கும்.

மூன்றாவதாக, டாம்பர்க் கால்களில் தண்டு தொடும் இடத்துக் கம்பளி பலகைபோல் இறுகியிருந்தது. அதை மாற்றினார். இறுதியாக டாம்பர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பதினான்கை அந்துப்பூச்சி அரித்திருந்தது. அவற்றுக்குப் புது ஃபெல்ட். இறுகிப்போன மற்றவற்றை மெல்லிய ஊசியால் குத்தி நெகிழ்த்தினார். பிறகு டாம்பர்க் கம்பிகளை மயிரிழை மயிரிழையாக வளைத்து, மிதியை அழுத்தினால் அனைத்தும் ஒரே கணத்தில் எழுமாறு ஒழுங்கு செய்தார். இரண்டு நாள் ஆயிற்று.

இங்கே அன்பர்களுக்கு ஒரு வரம்பைச் சொல்லவேண்டும். அடிப்பலகையைத் திறப்பதும், தளர்ந்த திருகுகளை முறுக்குவதும், கிராஃபைட் தடவுவதும் வீட்டிலேயே செய்யக்கூடியவை. டாம்பர்க் கம்பியை வளைப்பதும் ஃபெல்ட்டை ஊசியால் குத்துவதும் கைதேர்ந்தவர்க்கே உரியவை. ஒரு டாம்பரைச் செம்மை செய்யப் போய்ப் பத்தைக் கெடுத்தவர் பலர் என்று வல்லுநர் கூறினார்.

கடற்கரை ஊரின் இடர்

பியானோவுக்கு உகந்த காற்றின் ஈரம் 40 முதல் 50 விழுக்காடு என்பர். கொச்சியில் தென்மேற்கு மழை பெய்யும் ஜூன் முதல் செப்டம்பர் வரையில் அது 80-ஐத் தாண்டி நிற்கும். மரமும் கம்பளியும் ஈரத்தைக் குடித்துப் பருக்கும். மூட்டுகளைச் சுற்றியுள்ள சிறு துணிகள் வீங்குவதால் டாம்பர்கள் சோம்பலாக அமரும். சிய்ங்கென்னும் ரீங்காரம் மிகும். கோடையில் அதே துணிகள் சுருங்கித் தளர்வதால் கிடுகிடுவென்று ஆடும். உப்புக்காற்று கம்பிகளைத் துருப்பிடிக்கச் செய்யும். மழைக்காலத்தில் நாம் செய்த முதல் பதிவு, நாள் தேர்விலேயே தவறியது என்பதை அப்போது உணர்ந்தோம்.

முன்னாளில் மழைக்காலத்தில் பியானோவின் அடியறையில் சிறிய இழைவிளக்கு ஒன்றை எரியவிடும் வழக்கம் இருந்தது. அதன் சூடு ஈரத்தை விரட்டும். இன்றைய எல்.இ.டி. விளக்கு அவ்வளவு சூடு தராது. எனவே அதனால் பயனில்லை. இழைவிளக்கை இடுவோர் அது மரத்தையோ துணியையோ தொடாமல் பார்த்துக்கொள்ளவேண்டும். இல்லையேல் தீ விபத்து நேரும். இதற்கென்றே செய்யப்படும் சூடேற்றும் கோல்கள் அதைவிடப் பாதுகாப்பானவை. கூடத்தில் ஓர் ஈரமானியை மாட்டி வைப்பதும் நலம். பியானோவை வெளிச்சுவரை ஒட்டி வைத்தலாகாது. அந்துப்பூச்சி இருளையும் அசையாமையையும் விரும்பும். அடிக்கடி திறந்து வாசிக்கப்படும் பியானோவை அது அணுகுவது அரிது.

பதிவு நாள்

மழை ஓய்ந்த தை மாதத்தில் மீண்டும் பதிவுக்கு நாள் குறித்தோம். கருவி நலம் பெற்றாலும் பதிவு செய்வோர் செய்யவேண்டியவை சில இருந்தன.

முதல் முறை ஒலிவாங்கியைப் பியானோவின் முன்புறம் இடுப்பளவு உயரத்தில் வைத்திருந்தோம். கம்பிகளைவிட மிதிக்கே அது அண்மையில் இருந்தது. இம்முறை மேல்மூடியைத் திறந்து, வாசிப்பவர் தோளுக்குப் பின்னே, தலைக்குமேல் உயர்த்தி வைத்தோம். இசை பிறக்கும் இடத்துக்கு அண்மையிலும், ஓசை பிறக்கும் இடத்துக்குச் சேய்மையிலும் ஒலிவாங்கி இருக்கவேண்டும், விதி இவ்வளவே.

மிதியின் இடி காற்று வழியாக மட்டும் வருவதில்லை. தரை வழியாகவும் வந்து ஒலிவாங்கியின் காலில் ஏறும். மட்டாஞ்சேரியின் பழைய வீடுகளில் மாடித்தளம் மரப்பலகையால் ஆனதாதலின் இது பெரிது. ஒலிவாங்கி நிற்கும் இடத்தில் ஆலப்புழைக் கயிற்றுப் பாயை நான்காக மடித்து, அதன்மேல் ஒரு கம்பளியும் விரித்தோம். பியானோவின் அடியிலும் கயிற்றுப் பாய். அம்மையார் காலணியின்றிக் காலுறையோடு வாசித்தார். பாதத்தை மிதியிலிருந்து எடுக்காமலே இயக்குவது அவர் வழக்கம். எடுத்து எடுத்து வைப்பவர்க்கு எந்தக் கருவியும் இடிக்கும். இளையோர் இதைக் கவனிக்கவேண்டும். மிதியை விடும்போது மிக மெதுவாக விட்டால் ரீங்காரம் எழும். சட்டென விட்டால் இடி எழும். இவ்விரண்டுக்கும் நடுவே ஓர் அளவு உண்டு. அது பயிற்சியால் வருவது.

கைப்பேசியில் பதிவு செய்வோர் மற்றொன்றும் அறிதல் வேண்டும். பல கைப்பேசிகள் ஒலி தணிந்த இடங்களில் தாமாகவே ஒலிமட்டத்தை உயர்த்திக்கொள்ளும். மெதுவான பகுதியில் இசை தணியும்போது மிதியின் ஓசை பெருத்துத் தோன்றுவதற்கு இதுவே காரணம். அந்த ஏற்பாட்டை நிறுத்திவிட இயலுமாயின் நிறுத்துக. இயலாவிடின் தனிப் பதிவுக் கருவியை நாடுக.

நேரம் இரவு பதினொன்றரை. கடைவீதி அடங்கியிருந்தது. மின்விசிறியையும் குளிர்பெட்டியையும் நிறுத்தினோம். அம்மையார் ஒவ்வோர் உருப்படிக்கும் முன்னதாகவே மிதியின்மேல் பாதத்தை வைத்து, மூச்சு அடங்கும்வரை காத்திருந்து தொடங்கினார். ஒரே மூச்சில் ஆறு உருப்படிகள் பதிவாயின. ஏழாவதாக இருந்த வேகமான உருப்படிக்கு அவர் விரல்கள் இடங்கொடுக்கவில்லை. இருமுறை முயன்று, "அது போகட்டும்" என்று நிறுத்திவிட்டார். ஆடி மாதத்தில் அதை அவர் வாசித்திருந்தார். ஐந்து மாதம் கடந்த பின் இயலவில்லை. அன்றே கருவி சீராக இருந்திருந்தால் ஏழும் நமக்குக் கிடைத்திருக்கும். இந்த வருத்தம் நம்மிடம் எஞ்சியிருக்கிறது.

ஓசை முழுதும் போயிற்றா?

முழுதும் போகவில்லை, போகவும் போகாது. பீட்டில்ஸ் குழுவினர் 1967 பிப்ரவரி 22-ஆம் நாள் இலண்டனில் பல பியானோக்களை ஒருசேர ஒலிக்கச் செய்து ஒரு பாடலின் இறுதிச் சுரக்கூட்டைப் பதிவு செய்தனர். அது நாற்பது விநாடிகளுக்கு மேல் நீண்டு ஓயும். ஓய ஓய ஒலிமட்டத்தை உயர்த்திக்கொண்டே போனதால், கடைசியில் ஒரு நாற்காலியின் கிறீச்சொலியும் பதிவாகிவிட்டது. உலகப் புகழ்பெற்ற அப்பதிவில் இன்றும் அது கேட்கிறது. 1975 ஜனவரி 24-ஆம் நாள் ஜெர்மனியின் கொலோன் நகரில் கீத் ஜாரெட்டுக்குக் கிடைத்த பியானோவில் மிதிகளே சரிவர இயங்கவில்லை. அக்குறையோடே வாசித்த அந்நிகழ்ச்சி இசைத்தட்டாகி, பல இலட்சம் படிகள் விற்றது. நில்ஸ் ஃப்ராம் என்னும் இளைஞரோ 2011-இல் 'ஃபெல்ட்' என்ற பெயரிலேயே ஒரு தொகுப்பை வெளியிட்டார். அயலார் உறக்கம் கெடாதிருக்கக் கம்பிகளின்மீது ஃபெல்ட் இட்டு, ஒலிவாங்கிகளை உள்ளே நெருக்கமாக வைத்து, மரத்தின் முனகலையும் இசையோடு சேர்த்தே பதிவு செய்தார்.

ஆகவே ஓசை அறவே இருக்கலாகாது என்பது நம் கருத்தன்று. ஓசை இசைக்குப் பின்னே நிற்கவேண்டும். முன்னே வந்து மறைக்கலாகாது. அம்மையாரின் பதிவிலும், வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனை முடியும் இடத்தில், டாம்பர்கள் அமரும் மெல்லிய ஒலி ஒன்று கேட்கிறது. அதைத் துடைத்துவிடலாமா என்று கேட்டோம். அவர் திரும்பவும் அதைப் போட்டுக் கேட்டார். "வேண்டாம். பாட்டு முடிந்தது என்று பிள்ளைகளுக்குத் தெரியட்டும்" என்றார்.

மாசி மாதம் அவர் புறப்பட்டுச் சென்றார். பியானோ இப்போது நம் சங்கக் கூடத்தில் இருக்கிறது. அடியறையில் சூடேற்றும் கோல், சுவரில் ஈரமானி. மூன்று பிள்ளைகள் அதில் பயில்கின்றனர். பதிவு பதினோரு ஊர்களுக்குச் சென்றிருக்கிறது. கீர்த்தனைக்கு அவர் அமைத்த இடக்கைச் சுரங்களைக் கேட்டு எழுதும் பணியைச் சிங்கப்பூரிலுள்ள அவருடைய மாணவி ஏற்றிருக்கிறார்.

அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் இல்லத்திலோ உறவினர் இல்லத்திலோ பழைய பியானோவோ ஆர்மோனியமோ இருக்கலாம்; அதை வாசிக்கும் முதியவரும் இருக்கலாம். ஓசை எழுகிறதென்று கருவியை ஒதுக்கிவிடாதீர்கள். அடிப்பலகையைத் திறந்து பாருங்கள். தக்கவரை அழைத்துக் காட்டுங்கள். மழைக்கு முன் செய்யவேண்டியதை மழைக்குப் பின் என்று தள்ளிவைக்காதீர்கள். கருவியைப் பழுது பார்க்கலாம். கடந்துபோன மாதங்களைத் திரும்பப் பெறுதல் இயலாது. பியானோவில் பயிலும் பிள்ளைகளின் பெற்றோர், சங்கக் கூடத்திற்கு எந்த ஞாயிற்றுக்கிழமை மாலையிலும் வரலாம். மிதியை ஓசையின்றி இயக்கும் முறையை அங்கேயே காட்டித்தருவோம்.